வட்டமேசைக்குச் சோறு வந்த ஞாயிறு

போன ஞாயிறு டென்மார்க்கில், பிராண்டேயில், எங்கள் வீட்டுக் குசினியில், இங்கே பிறந்த என் மகள் ஒரு மூங்கில் கூடையில் கொழுக்கட்டை அவித்தாள். கடையில் மலிவாகக் கிடைத்ததாம். மூடியைத் திறந்ததும் நனைந்த மூங்கிலின் வாசம் ஆவியோடு கிளம்பி வீடு முழுக்கப் பரவியது. நான் கதிரையை விட்டு எழும்பிப் போய் அடுப்படியில் நின்றேன். எனக்குப் பசி என்று நினைத்து, இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்று டெனிஷில் சொல்லி மூடியைத் திரும்பப் போட்டாள். எனக்குப் பசிக்கவில்லை. உம்முடைய நினைவு வந்துவிட்டது.

நீர் போய் ஒரு வருடம் ஆகிறது. செத்தவீட்டில் பலர் உம்மைப் பற்றிப் பேசினார்கள். சங்கத்தில் நீர் பார்த்த பொறுப்புகள், புதிதாக வந்தவர்களைக் கொம்யூன் என்கிற நகரசபைக்கும் வைத்தியரிடமும் கூட்டிக்கொண்டு திரிந்தது, எல்லாம் சொன்னார்கள். ஒரு சொல்லும் பொய் இல்லை. என்னையும் பேசச் சொன்னார்கள், நான் எழும்பவில்லை. எனக்குத் தெரிந்த உம்முடைய பெருமை ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையில் நடந்தது. அதை ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று அவசரமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எழுதினால்தான் உமக்குச் சொன்ன மாதிரி இருக்கும்.

வைலேயில் நாம் இருவரும் ஒரு வீட்டின் மேல்மாடியைப் பகிர்ந்துகொண்டிருந்த காலம் அது. நீர் இறைச்சித் தொழிற்சாலையில், நான் நூல் ஆலையில். உம்முடைய மனைவியும் மகள் தர்சியும் யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் இருந்தார்கள். என்னுடைய மனைவியும் மகனும் மன்னாரில். குடும்பத்தைக் கூப்பிடச் சட்டப்படி உரிமை உண்டு என்று சொன்னார்கள், மனுப் போட்டோம். பதில் வரவில்லை. எங்கள் மனுக்களை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பதும், அது நாடே பேசுகிற தமிழர் வழக்காகி ஒரு அரசாங்கமே வீட்டுக்குப் போகும் என்பதும் பிறகு வந்த கதை. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தபால்காரர் வருவார், விளம்பரத் தாள் போடுவார், போவார் என்பதுதான்.

நான் கொதிப்பேன். உலகத்தில் உள்ள எல்லா அமைச்சர்களையும் ஏசுவேன். நீர் ஏசவில்லை. நீர் செய்தது இன்னொரு காரியம். வந்து இறங்கிய நாளிலேயே பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தீர். மனைவியும் பிள்ளையும் வந்து கூட இருந்து சாப்பிடும்வரை சோறு தொடமாட்டேன் என்று. யாழ்ப்பாணத்து மனிதன் சோறு தின்னாமல் இருப்பதென்றால் சும்மாவா? நான் வேதக்காரன், கத்தோலிக்கன். தவக்காலம் நாற்பது நாளுக்கு இறைச்சியை விட்டுவிட்டே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன். நீரோ நான் மீன்குழம்பும் சோறும் பிசைந்து தின்ன, எதிரில் இருந்து பாணைப் பிய்த்து அதே குழம்பில் தோய்த்துத் தின்பீர். முகத்தில் ஒரு தியாகிக் களையும் இருக்காது.

"உம்மட பிள்ளையார் பாவம் ஐசே. உம்மைக் கண்டு அவரே மோதகத்தை விடப்போறார்" என்று ஒருநாள் பகிடி பண்ணினேன்.

நீர் சிரித்துவிட்டுச் சொன்னீர். "சோத்தைத் தனியச் சாப்பிட ஏலாது ஐசே. பாண் எண்டால் நிண்டுகொண்டும் தின்னலாம்."

 அதைக் கேட்ட பிறகும் என் சோற்றை நான் முடித்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

அந்தக் காலத்து டென்மார்க் ஞாயிற்றுக்கிழமை உமக்கு நினைவிருக்கும். கடை எல்லாம் பூட்டு. தெருவில் ஒரு குஞ்சு குருமானும் இராது. அப்படி ஒரு மத்தியானம் குளிரில் நடந்துகொண்டிருந்தபோது நீர் சட்டென்று நின்று மூக்கை உயர்த்தினீர். "நல்லெண்ணெய் மணக்குது" என்றீர். எனக்கும் மணத்தது. யாரோ எங்கள் ஆட்கள்தான் சமைக்கிறார்கள் என்று வாசத்தின் பின்னால் போனோம். போய் நின்ற இடம் அந்த ஹொங்கொங் குடும்பத்தின் சாப்பாட்டுக் கடை.

மாலையில் அந்தக் கடை டெனிஷ்காரருக்கு உருளைக்கிழங்குப் பொரியலும் இனிப்புப் புளிப்புப் பன்றி இறைச்சியும் விற்கும். ஞாயிறு மத்தியானம் மட்டும் அது வேறு கடை. பக்கத்து ஊர்களில் இருந்தெல்லாம் சீனக் குடும்பங்கள் பிள்ளை குட்டியோடு வந்து வட்டமேசைகளைச் சுற்றி இருந்து ஒரே சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மேசைகளில் மூங்கில் கூடைகள், நாங்கள் இடியப்பத் தட்டை அடுக்குவதுபோல ஒன்றின் மேல் ஒன்றாக. ஒவ்வொரு கூடையிலும் மூன்று நான்கு உருப்படிதான். கண்ணாடிபோல் மெல்லிய மாவுக்குள் இறால், வெள்ளைப் பஞ்சுப் பணியாரத்துக்குள் இறைச்சி, முள்ளங்கியைத் துருவி மாவோடு அவித்துப் பொரித்த துண்டுகள். நீர் பன்றி இறைச்சியைத் தொடவில்லை. "கிழமை முழுக்க அதோட மல்லுக்கட்டுறன், ஞாயிறும் வேண்டாம்" என்றீர். இறாலை விடவில்லை.

அன்றிலிருந்து ஞாயிறு என்றால் அங்கேதான். நீர் வெள்ளைச் சட்டை போட்டுக் கழுத்துப்பட்டியும் கட்டி வெளிக்கிடுவீர். "கலியாணத்துக்கே போறீர்?" என்று கேட்பேன். "கிழமையில ஒருநாளாவது ஆரோ எங்களைப் பாத்துக்கொண்டு இருக்கினம் எண்டு வெளிக்கிட வேணும்" என்பீர். கடைக்குள் நுழைந்தால் அந்த மக்களின் பழக்கங்களைக் கவனித்துப் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்வீர். தேநீரை முதலில் மற்றவனுக்கு ஊற்றிவிட்டுத்தான் உமக்கு ஊற்றுவீர். யாராவது உமக்கு ஊற்றினால், அவர்கள் செய்வதுபோல இரண்டு விரலால் மேசையில் மெல்லத் தட்டி நன்றி சொல்வீர். வீட்டில் நான் கோப்பி ஊற்றினாலும் தட்டத் தொடங்கினீர். ஒரு நாட்டுக்குள் விருந்தாளியாக இருப்பது எப்படி என்பதை நான் உம்மைப் பார்த்துத்தான் கண்டுகொண்டேன்.

ஒருநாள் இறாலைச் சுற்றிய வெள்ளைச் சுருள் ஒன்று வந்தது. அரிசி மாவில் செய்தது என்று தெரிந்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அரிசி மா ஐசே! உம்மட நேர்த்தி போச்சு."

நீர் சுருளை வாய்க்குள் வைத்து, ஆறுதலாக மென்று, விழுங்கிவிட்டுச் சொன்னீர். "சோறு எண்டுதான் சொன்னனான். மா எண்டு சொல்லேல்லை. பிள்ளையார் கணக்கு விளங்கின ஆள்."

அந்தக் கடையின் முதலாளி அம்மாவை நாங்கள் எங்களுக்குள் ஹொங்கொங் மாமி என்போம். அவவுடைய புருசன் குசினிக்குள்ளேயே இருப்பார், முகம் தெரியாது. வெளியே எல்லாம் மாமிதான். எங்கள் மூவரின் டெனிஷும் ஒரே அளவுக்கு உடைந்திருந்ததால் நன்றாக விளங்கியது. ஆனால் ஒன்று மட்டும் அவவுக்கு விளங்கவில்லை. அன்பாகக் கொண்டுவந்து வைக்கிற சோற்றுக் கிண்ணத்தை நீர் இரண்டு கையாலும் மெல்லத் தள்ளி வைத்துவிடுவீர். அடுத்த ஞாயிறு வேறு அரிசியில் காய்ச்சிக் கொண்டுவந்தா. அதையும் தள்ளினீர். பிறகு தாமரை இலையில் பொதிந்து அவித்த சோறு வந்தது. நீர் இலையைப் பிரித்து, வாசத்தை ஒருமுறை இழுத்துவிட்டு, திரும்ப மூடி வைத்தீர். மாமியின் முகம் தொங்கிப்போனது.

நேர்த்தி என்ற சொல்லுக்கு எங்களிடம் டெனிஷ் இல்லை. நான்தான் எழும்பிக் கையால் சொன்னேன். விரலில் மோதிரத்தைக் காட்டினேன், இடுப்பளவு பிள்ளையைக் காட்டினேன், தூரத்தைக் காட்டினேன், வாயைப் பொத்திக் காட்டினேன். மாமி கண்ணீர் விட்டா. மேசையில் இருந்த இறைச்சியை எல்லாம் எடுத்துக்கொண்டு போய், வெறும் சோயாக் கட்டியை அவித்து உமக்கு முன்னால் வைத்தா. பிறகு கல்லாவுக்குப் பின்னால் இருந்த சிவப்பு மாடத்தில் மூன்று ஊதுபத்தி கொளுத்தினா. உம்முடைய மனைவியும் பிள்ளையும் செத்துப்போனார்கள், நீர் துடக்குக் காக்கிறீர் என்று நினைத்துவிட்டா! நான் பதறிப்போய் உம்முடைய சட்டைப்பையில் இருந்த மனைவி பிள்ளையின் படத்தைப் பிடுங்கிக் காட்டி, "வருவார்கள், வருவார்கள்" என்று கத்தினேன். மாமி படத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, துவாயால் என் தோளில் ஒன்று போட்டா. நீர் சோயாக் கட்டியை மரியாதையாக முழுவதும் சாப்பிட்டுவிட்டுத்தான் சிரித்தீர்.

அதன்பிறகு அவ உமக்குச் சோறு வைக்கவில்லை.

பிறகு சண்டை கோப்பாய்ப் பக்கம் வந்தது. உம்முடைய மனைவியும் தர்சியும் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது. கிழமைக்கணக்காகக் கடிதம் இல்லை.  ஞாயிறு வந்தது, கழுத்துப்பட்டி கட்டினீர், கடைக்கு வந்தோம். தேநீரை ஊற்றினீர். எனக்கு ஊற்றினீர், உமக்கு ஊற்ற மறந்துபோனீர்.

"நான் திரும்பிப் போறன்" என்றீர். "இஞ்சை இருந்து என்ன செய்யிறது? அதுகள் செத்தால் அதுகளோட சாகிறன்."

 எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. மாமி வந்து என்ன நடந்தது என்று கேட்டா. நீர் டெனிஷில் இரண்டே சொல்லில், ஊருக்குப் போகிறேன் என்றீர். வாடிக்கையாளரோடு ஒருநாளும் இருக்காதவ கதிரையை இழுத்து இருந்தா. அவ ஆறுதல் சொல்லவில்லை. "எத்தனை பேருக்கு மேசை?" என்று கேட்டா.

நீர் விளங்காமல் பார்த்தீர்.

"மனைவி, பிள்ளை வந்தால் விருந்து வேண்டாமா? எத்தனை பேர்?"

"மூன்று" என்றீர்.

"மூன்று பேருக்கு விருந்து மேசை இல்லை. வட்டமேசை பத்துப் பேருக்கு. மற்ற ஏழு பேரை நீ தேடு." எழும்பிப் போய், பின்மண்டபத்தில் இருந்த பெரிய மேசையில் ஒதுக்கப்பட்டது என்ற அட்டையை வைத்துவிட்டு வந்தா. "மேசை பிடித்தாயிற்று. நீ அங்கே போனால் அவர்கள் இங்கே யாரிடம் வருவார்கள்?"

நீர் அந்த அட்டையைப் பார்த்தீர். பிறகு இரண்டு விரலால் மேசையில் தட்டினீர். போகவில்லை. அடுத்த மாதம் கடிதம் வந்தது, இருவரும் உயிரோடு ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்று.

கடைசியில் உம்முடைய மனுவுக்கு அனுமதி வந்து வழி திறந்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவர்கள் ரயிலில் வந்து இறங்கினார்கள். நீர் விட்டுவரும்போது இடுப்பில் இருந்த தர்சி, இரட்டைப் பின்னலோடு தாயின் சீலைக்குப் பின்னால் நின்றாள். நீர் குனிந்து கையை நீட்டினீர். அவள் இன்னும் பின்னால் போனாள். நீர் நீட்டிய கையால் பெட்டியைத் தூக்கிக்கொண்டீர். வீட்டில் பாண் தின்று பாலும் குடித்துவிட்டு அவள் தூங்கிப்போனாள். உம்மை ஒரு பெயராலும் கூப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் பத்துப் பேரும் அந்த வட்டமேசையில் இருந்தோம். நீங்கள் மூவர், நான், மொழிப் பள்ளிக்கூடத்து நண்பர்கள் ஆறு பேர். எல்லோரும் தனி ஆண்கள், எல்லோரும் மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள். உம்முடைய மேசையில் எங்களுக்கும் ஒரு பங்கு நம்பிக்கை இருந்தது. மாமி பட்டுச் சட்டை போட்டிருந்தா. முதலில் சூப் வந்தது, குடித்தோம். பிறகு கோழி, வாத்து, இஞ்சியும் வெங்காயத் தாளும் போட்டு அவித்த முழு மீன், இறால், கீரையோடு காளான். சுழலும் கண்ணாடித் தட்டில் இடமில்லாமல் வந்து நிறைந்தது.

ஒருவரும் கை வைக்கவில்லை. எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு குசினிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கறியெல்லாம் வந்திட்டுது, சோத்தைக் காணேல்லை" என்று ஒருவர் என் காதுக்குள் சொன்னார்.

"உலை இன்னும் கொதிக்கேல்லைப் போலை" என்றார் மற்றவர்.

கண்ணாடித் தட்டை யாரோ மரியாதைக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்கள். மீன் எல்லோரையும் பார்த்துக்கொண்டு போனது. மாமி வாசலில் வந்து நின்று ஆறிப்போகிற தட்டுகளைப் பார்த்தா. முகம் வெளிறியது. குசினியில் இருந்து, அத்தனை வருடத்தில் முதல்தடவையாக, அவவுடைய புருசனும் தலையை நீட்டிப் பார்த்தார். நான் எழும்பிப் போனேன்.

"சமையல் பிழையா?" என்று கேட்டா.

"இல்லை. சோறு வரட்டும் என்று இருக்கிறோம்."

"சோறு கடைசியில் அல்லவா! முதலில் சோற்றை வைத்தால், இவள் இறைச்சி கொடுக்க மனமில்லாமல் வயிற்றை நிரப்புகிறாள் என்று ஊர் சொல்லும்."

"எங்களுக்குச் சோறு வராவிட்டால் சாப்பாடு தொடங்கவில்லை என்று அர்த்தம்."

மாமி என்னைப் பார்த்தா. மேசையைப் பார்த்தா. "இவ்வளவு காலம் சோற்றில் பிடிவாதம் இவன் ஒருவனுக்குத்தான் என்று இருந்தேன்" என்றா. பிறகு மண்டபமே திரும்பிப் பார்க்கச் சிரித்தா. குசினியைப் பார்த்து அவர்கள் பாசையில் கத்தினா. விருந்துக்கு என்று பொரிக்க எடுத்துவைத்த சோறு இன்னும் சட்டிக்குப் போகவில்லை. வந்தது, அவர்கள் தங்களுக்கென்று காய்ச்சி வைத்திருந்த வெள்ளைச் சோறு, ஒரு பெரிய கிண்ணம் நிறைய, ஆவி பறக்க.

நீர் எழும்பி நின்று எல்லோருக்கும் போட்டீர். மனைவிக்குப் போட்டீர், தர்சிக்குப் போட்டீர், எங்களுக்குப் போட்டீர். போட்டு முடித்து இருந்து, நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர். உம்முடைய சோற்றுக் கோப்பை வெறுமையாக இருந்தது. அதை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. வெட்கம், ஆனால் பசி.

தர்சிதான் கவனித்தாள். "அம்மா, அந்த மாமாவுக்கு ஏன் சோறு இல்லை?"

சுற்றிக்கொண்டிருந்த கண்ணாடித் தட்டை யாரோ பிடித்து நிறுத்தினார்கள். உம்முடைய மனைவியின் முகம் சிவந்தது. "மாமா இல்லையடி, அது உன்ர—"

நீர் அவவின் கையைத் தொட்டீர். "விடும்." பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பினீர். "மாமா மறந்துபோனன் பிள்ளை. நீர் போட்டுவிடுறீரோ?"

அவள் கதிரையில் ஏறி நின்றாள். பீங்கான் கரண்டியால் அள்ளினாள். பாதி மேசை விரிப்பில் கொட்டியது, பாதி உம்முடைய கோப்பையில் விழுந்தது.

"காணுமோ?"

"இன்னொரு கரண்டி."

இன்னொரு கரண்டி போட்டாள். நீர் குச்சிகளைத் தள்ளி வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்து, கையால் அள்ளிச் சாப்பிட்டீர். கறி கூட எடுக்கவில்லை. அவள் கதிரையில் நின்றபடி, சாப்பிடுகிறீரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் அப்பா எண்டு சொல்லியிருக்கலாமே ஐசே! இவ்வளவு காலம் காத்திருந்தது இதுக்கே?"

"அவள் என்ர கோப்பையைப் பாத்தாள்" என்றீர். "அது காணும். பேர் ஆறுதலா வரட்டும்."

அந்த வருடத்துக் குளிர்காலம் முழுக்க அவள் உம்மை மாமா என்றாள். நீர் அவளுக்குச் சைக்கிள் பிடித்துக் கொடுத்தீர், சப்பாத்து நாடா கட்டக் காட்டினீர், மாமா என்ற சொல்லுக்கு ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. நான் பார்த்த மனிதர்களில் அப்படி ஒரு பலம் வேறு ஒருவருக்கும் இருந்ததில்லை. ஏசத் தெரியாதவர் என்று ஒருகாலம் உம்மை நினைத்தேன். அவசரப்படத் தெரியாதவர் நீர்.

அடுத்த வருடம் என்னுடைய ஆட்கள் வந்தார்கள். நான் உம்மைப்போல் பொறுமைசாலி இல்லை என்பது உமக்குத் தெரியும். மகனை எப்படித் தூக்குவது, எங்கே கொஞ்சுவது என்றெல்லாம் மனதுக்குள் பழகி வைத்திருந்தேன். வைலே நிலையத்தில் ரயில் நின்றது. மனைவி அவனை முதுகில் பிடித்து முன்னால் தள்ளினாள். "போ ராசா, அப்பாட்டைப் போ." அவன் அழத் தொடங்கினான். பாய்ந்து தூக்கவேண்டும் போல இருந்தது. என்னை விட்டிருந்தால் அந்த மேடையில் நானும் அழுதிருப்பேன்.

கையைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவன் உயரத்துக்குக் குந்தினேன். "தம்பி, பசிக்குதோ?" என்று கேட்டேன்.

அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தான். "ஓம் மாமா" என்றான்.

அவன் என்னை முதன்முதல் அப்பா என்று கூப்பிட்டது எப்போது என்று மனைவி இன்றும் நாள், இடம் எல்லாம் சொல்லுவாள். எனக்கு அது நினைவில்லை. எனக்கு நினைவிருப்பது இந்த "ஓம் மாமா"தான். அதைக் கேட்டபோது எனக்கு வலிக்கவில்லை, நண்பரே. உம்மால் வலிக்கவில்லை.